எஸ்தர் வகுப்பறைக்கு வரட்டும்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘பள்ளிக்கூடத்தில் விவிலியம் இலக்கியப் பாடமாக இருக்கலாமா?’ என்ற கேள்விக்கு, இருக்கத்தான் வேண்டும் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், “அமெரிக்காவிலேயே நீதிமன்றம் விவிலியத்தைப் பள்ளியிலிருந்து வெளியேற்றிவிட்டது” என்றார். பாதியைத்தான் சொன்னார், ஐயா! பென்சில்வேனியா மாநிலச் சட்டம் என்ன சொன்னது? பள்ளி தொடங்கும்போது தினமும் 10 வசனங்களாவது வாசிக்க வேண்டும். விளக்கம் எதுவும் சொல்லக் கூடாது. 1963-இல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற நீதிபதிகளின் வாக்கில் தள்ளியது இந்தச் சடங்கைத்தான். சமயம் பரப்பாத கல்வியின் பகுதியாக, விவிலியத்தை இலக்கியமாகவும் வரலாறாகவும் படிக்கத் தடையில்லை என்று அதே தீர்ப்பில் நீதிபதி டாம் கிளார்க் எழுதியிருக்கிறார். நாங்கள் கேட்பதும் அதைத்தான்.

விவிலியம் நுழைந்தால் பிரசங்கமும் நுழையும் என்று அஞ்சுகிறார்கள். விவிலியத்தில், பாரசீக அரசியான யூதப் பெண் எஸ்தரின் கதையைத் திறந்து பாருங்கள். எபிரேய மூலத்தின் 10 அதிகாரங்களில் கடவுளின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை! இருப்பதெல்லாம் அரண்மனை அரசியல். இந்தியா முதல் எத்தியோப்பியா வரை 127 மாகாணங்களை ஆளும் பாரசீக மன்னன் அகாஸ்வேருவின் காதில் அவனுடைய தலைமை அமைச்சன் ஆமான் ஓதுகிறான்: ஒரு கூட்டம் நாடெங்கும் சிதறிக் கிடக்கிறது, அவர்களுடைய வழக்கங்கள் வேறு, அவர்களை விட்டுவைப்பது உமக்கு நல்லதல்ல. யூதர் என்ற பெயரைக்கூட அவன் சொல்லவில்லை. மன்னனும் கேட்கவில்லை, முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறான். கொலை ஆணையோடு தூதர்கள் விரைகிறார்கள். இருவரும் குடிக்க உட்காருகிறார்கள். தலைநகர் சூசான் கலங்குகிறது. ஒரு சிறுபான்மையை அழிக்கும் பேச்சு எப்படித் தொடங்கும் என்று பதினைந்து வயதுப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டாமா?

“ஒன்பதாம் அதிகாரத்தில் யூதர்கள் 75,000 பேரைக் கொல்கிறார்களே, அதையும் கற்பிப்பீர்களா?” என்று எதிரணிச் சகோதரி கேட்டார். கற்பிப்போம், அம்மா! எஸ்தர் மன்னனிடம் மன்றாடிய பிறகு, தங்களைத் தாக்க வருவோரை எதிர்க்க யூதர்களுக்கு அனுமதி கிடைக்கிறது; அந்த மோதலில் நடந்தது அது. கொள்ளைப் பொருளில் அவர்கள் கைவைக்கவில்லை என்று அந்த நூல் மூன்று முறை சொல்கிறது. எதற்காக அப்படி வற்புறுத்துகிறது? தற்காப்பு எங்கே முடிகிறது, பழிவாங்கல் எங்கே தொடங்குகிறது? பிள்ளைகள் மோதட்டும். குடி விருந்தில் தன் அழகைக் காட்ட வரமாட்டேன் என்று மறுத்துப் பட்டத்தை இழந்த முந்தைய அரசி வஸ்தி செய்தது சரியே என்று ஒரு மாணவி எழுந்து பேசட்டும். ஆசிரியர் குறுக்கிடாமல் கேட்கட்டும். அந்த வகுப்பறைக்காகத்தான், நடுவர் அவர்களே, தங்கள் தீர்ப்பை எங்கள் அணிக்குக் கேட்கிறேன்.