அக்கா வராத லைவும் 380 ரூபாய் கடிகாரமும்

வணக்கம் மக்களே, செங்கோட்டையிலிருந்து உங்கள் ஆள்தான். போன ஞாயிறு லைவில் அக்கா ஏன் வரவில்லை என்று கேட்டுக் கேட்டே என்னை ஒரு வழி பண்ணிவிட்டீர்கள். தப்பு என் மேல் இல்லை, கனடாக்காரர்கள் மேல்.

அக்கா இருப்பது நியூஃபவுண்ட்லாந்தில், செயின்ட் ஜான்ஸ். பழைய ஆட்களுக்குத் தெரியும், பனிமூட்டத்துக்குள் கலர் கலராக மரவீடுகள் காட்டினாளே, அந்த ஊர். அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுகிறார்கள். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் 9 மணி நேர வித்தியாசம், அன்றிலிருந்து 8. முந்தின வாரமே "காலை பத்தரைக்கு வந்துவிடு அக்கா" என்று சொல்லியிருந்தேன், அவளும் டாண் என்று பத்தரைக்கு வந்திருக்கிறாள். இங்கே மணி 6:30. நான் புளியரையில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தேன், மலையடியில் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. 7:30-க்கு வீட்டில் வந்து லைவ் போட்டால் அவள் கடைக்குக் கிளம்பிவிட்டாள். 1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக் தாண்டி வந்த கம்பியில்லாச் சிக்னலைக் கேட்ட குன்று அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். நமக்கு வாய்த்த மலை மறைக்கத்தான் செய்கிறது.

சரி, அந்த லைவில் 40 நிமிடம் தனியாகப் பேசிய கடிகாரத்துக்கு வருகிறேன். அக்கா ஊர் நேரத்துக்கென்றே தென்காசியில் வாங்கினேன். 450 சொன்னார், 350 கேட்டேன், 380-க்கு இறங்கினார். ஜெயித்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளே செல் இல்லை! செல்லுக்குத் தனியாக 20 ரூபாய். கடிகாரம் விற்பவர் செல் போடாமல் விற்பது, இட்லி வைத்துவிட்டுச் சட்னிக்குத் தனிக் காசு கேட்பது மாதிரி. இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஆனால் மாட்டிய பிறகு ஒன்று கவனித்தேன். இரண்டு கடிகாரத்திலும் நிமிட முள் ஒரே இடத்தில் நிற்கிறது! டொரண்டோவில் இருக்கும் மாமாவுக்கு போன் போட, வித்தியாசத்தில் ஒட்டிக்கொண்டு வரும் அந்த அரை மணி நேரத்தோடு மல்லுக்கட்டியே எனக்குத் தலை நரைத்தது. நாம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால், அக்கா ஊர் மூன்றரை மணி பின்னால் (கடிகாரத்தைத் தள்ளிய பிறகு இரண்டரை), இரண்டு அரையும் சேர்ந்து முழுசாகிவிட்டது. நியூஃபவுண்ட்லாந்து 1949-ல்தான் கனடாவோடு சேர்ந்தது, சேர்ந்த பிறகும் தன் அரை மணியை விடவில்லை. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். நம்ம ஊரும் 1956 நவம்பர் 1 வரை மலையாளத்துப் பக்கம் இருந்ததுதானே, இன்றைக்கும் புளியரை தாண்டி டீ குடித்தால் சேச்சி "மோளே" என்றுதான் கிளாஸை நீட்டுகிறார்.

அட, இதைச் சொல்ல மறந்துவிட்டேன். அங்கே பஸ் டிரைவர், கடைக்காரம்மா எல்லாரும் முன்பின் தெரியாதவர்களையும் "மை லவ்" என்று கூப்பிடுகிறார்கள். முதல் நாள் அக்கா பயந்து அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டாள். இப்போது அத்தானைத் தவிர ஊரே கூப்பிடுகிறது என்கிறாள்.

மணி முள்ளைத் திருத்திவிட்டேன். நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பழையபடி பின்னால் இழுக்கும்போது திரும்பவும் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். அக்காவோடு லைவ் வருகிற ஞாயிறு, நம் நேரம் மாலை 7:30. அவளிடம் பதினொன்றரை என்று மூன்று தடவை சொல்லி, வாட்ஸ்அப்பில் எழுத்திலும் வாங்கிவிட்டேன். பரோட்டா அன்றைக்குப் பார்சல்தான்.