இருபத்து மூன்று நாள் தாங்கிய ஆசிரியர்

நேயர்களுக்கு வணக்கம்.

கனடாவில் டாக்டரைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டாமல் வெளியே வரலாம். இந்த ஏற்பாட்டுக்கு யார் காரணம் என்று கேட்டால், பலரும் டாமி டக்ளஸ் பெயரைச் சொல்வார்கள். 1944 முதல் 1961 வரை சஸ்காட்செவன் மாகாணத்தின் முதல்வராக இருந்தவர். எல்லோருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தரும் திட்டம் அவருடையதுதான். ஆனால் 1961 நவம்பரில் தேசிய அரசியலுக்காக அவர் பதவி விலகினார். சட்டத்தை நிறைவேற்றி, அதற்காக வந்த வசவையெல்லாம் வாங்கிக்கொண்டவர் அடுத்து வந்த வுட்ரோ லாயிட். இன்று நான் பேச வந்தது அவரைப் பற்றி.

லாயிட் பள்ளி ஆசிரியர். 1944இல் கல்வி அமைச்சரானபோது வயது முப்பதுதான். மாகாணத்தில் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடந்த குட்டிக் குட்டிப் பள்ளி வட்டாரங்களைப் பெரிய அலகுகளாகச் சேர்த்தார். பதினாறு ஆண்டுகள் அந்தத் துறை, அப்புறம் நிதித் துறை. மேடையில் டக்ளஸைப் போலச் சிரிக்க வைக்கும் பேச்சு இவருக்கு வராது.

1962 மே 3ஆம் தேதி, ரெஜைனா நகரில் டாக்டர்களின் கூட்டம். எதிர்ப்பு இருக்கும் என்று தெரிந்தும் லாயிட் நேரில் போய்ப் பேசினார். கூச்சல் எழுந்தது. இந்தத் திட்டத்தின்கீழ் வேலை செய்ய மறுப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்று கூட்டத்தில் கேட்கப்பட்டது. கிட்டத்தட்ட அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது.

ஜூலை 1, திட்டம் தொடங்கிய நாளன்றே பெரும்பாலான டாக்டர்கள் கிளினிக்கை மூடிவிட்டார்கள். சில மருத்துவமனைகளில் அவசர சிகிச்சை மட்டும் கிடைத்தது. அரசாங்கத்தின் கைக்குள் போய்விடுவோம் என்பது டாக்டர்களின் பயம். டாக்டர் ஊரை விட்டே போய்விட்டால் பிள்ளைக்கு யார் வைத்தியம் பார்ப்பது என்பது தாய்மார்களின் பயம். இரண்டாவது பயம்தான் ஒரு முதல்வரைத் தூங்கவிடாது என்று நினைக்கிறேன். பிரிட்டனிலிருந்து டாக்டர்களை வரவழைத்தார்கள். ஜூலை 11 அன்று சட்டமன்றத்தின் முன் பல்லாயிரம் பேர் திரள்வார்கள் என்று எதிர்ப்பாளர்கள் நம்பினார்கள். வந்தது சில ஆயிரம் பேர்.

லாயிட் சட்டத்தைத் திரும்பப் பெறவில்லை. பேச்சுவார்த்தைக் கதவையும் அடைக்கவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த டெய்லர் பிரபு நடுவில் நின்று இரு தரப்பையும் பேச வைத்தார். ஜூலை 23 அன்று சாஸ்கட்டூன் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மாதச் சம்பளம் கிடையாது, பார்க்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் கட்டணம் என்ற முறை டாக்டர்களுக்கு நிலைத்தது. எல்லோருக்கும் காப்பீடு என்ற அடிப்படையில் மட்டும் லாயிட் கை வைக்க விடவில்லை. அவருடைய பெரிய சாதனையாக நான் நினைப்பது இதைத்தான். எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்பது அந்த நெருக்கடியிலும் அவருக்குத் தெளிவாக இருந்தது.

1964 தேர்தலில் அவருடைய கட்சி தோற்றது. இருபது ஆண்டு ஆட்சி போனது. பிறகு ஐக்கிய நாடுகள் பணிக்குச் சென்ற லாயிட், 1972இல் தென்கொரியாவின் சியோலில் காலமானார்.

1964இல் அவரைத் தோற்கடித்து ஆட்சிக்கு வந்த லிபரல் கட்சியும் அந்தத் திட்டத்தைக் கலைக்கவில்லை. 1966இல் மத்திய அரசு அதையொட்டியே சட்டம் கொண்டுவந்தது. 1971க்குள் பத்து மாகாணங்களும் சேர்ந்துவிட்டன.