ஈ காக்கை வராத கிண்ணம்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுத் தோட்டத்துக்கு வரும் பறவைகளுக்குத் தீனி வைப்பது பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். சரி என்று வந்துவிட்டேன். ஆனால் நான் பேசப்போவதில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றித்தான் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றிவிட்டேன் என்று சொல்லாதீர்கள்.

ஏன் தண்ணீர் என்றால், தானியம் வைத்தால் தானியம் தின்கிற பறவைதான் வரும். புறா வரும், சிட்டுக்குருவி வரும். பூச்சி தின்பது, பழம் கொத்துவது, தேன் குடிப்பது எதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. தண்ணீருக்கு எல்லாமே வரும். பறவையின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், நமக்கு அது கடுங்காய்ச்சல். வியர்வைச் சுரப்பியும் கிடையாது. மத்தியான வெயிலில் காகம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, அது கொட்டாவி இல்லை, மூச்சு வழியாக ஈரத்தை ஆவியாக வெளியே விட்டு உடம்பைத் தணித்துக்கொள்கிறது. வெளியே போன ஈரத்தை எங்கேயாவது குடித்துத்தானே ஆக வேண்டும்?

நான் முதலில் வைத்தது ஒரு பீங்கான் கிண்ணம். பளபளவென்று இருக்கும், நல்ல ஆழம். விளிம்பு வரைக்கும் ஊற்றி வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒரு நாள், இரண்டு நாள், பதினோரு நாள். ஈ காக்கை வரவில்லை. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே காக்கைகூட வரவில்லை. இந்தப் பறவைகளுக்கு நன்றியே கிடையாது என்று எனக்குக் கோபம் வேறு.

அப்புறம்தான் புரிந்தது. வழுக்குகிற விளிம்பில் காலுக்குப் பிடிப்பு இல்லை. உள்ளே இறங்கினால் அடி எங்கே என்று தெரியாது. நமக்குக் கிண்ணம், ஒரு குருவிக்கு அது கிணறு. கிண்ணத்தை எடுத்துவிட்டு, சொரசொரப்பான, அகலமான ஒரு மண் தட்டை வைத்தேன். ஓரத்தில் ஒரு விரற்கடை ஆழம், நடுவில் போனால் போகிறது என்று இரண்டு விரற்கடை. நடுவிலே ஒரு கல். அவ்வளவுதான். மூன்றாம் நாள் மைனா வந்தது.

அந்த மைனா குளித்ததை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேனே. முதலில் விளிம்பில் நின்று ஒரு வாய் குடித்தது. தலையை நிமிர்த்தித்தான் விழுங்கியது. சுற்றும் முற்றும் பார்த்தது. இன்னொரு வாய். பிறகு ஒரு காலை மட்டும் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்து, சுட்டுவிட்ட மாதிரி சட்டென்று எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. அப்புறம் என்ன நினைத்ததோ, தொப்பென்று நடுவில் இறங்கி, வயிற்றை அமுக்கி, இரண்டு சிறகையும் அடித்த அடியில் பாதித் தண்ணீர் தரைக்குப் போய்விட்டது. நனைந்த மைனா பார்க்கச் சகிக்காது, பாதி உடம்பாகிவிடும். துணி காயப்போடும் கொடியில் போய் உட்கார்ந்து, வாலடிக்கு அலகைக் கொண்டுபோய் எதையோ தொட்டுத் தொட்டு ஒவ்வோர் இறகாகக் கோத ஆரம்பித்தது. வாலுக்கு மேலே எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு, அதிலிருந்து எடுத்துத்தான் இறகுக்குப் பூசுகிறது. இருபது நிமிடம் நடந்தது இந்த அலங்காரம். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததை நான் கவனிக்கவேயில்லை.

மைனா வந்ததைப் பார்த்துத்தான் காகம் வந்தது. அதற்குக் குடிக்கவும் வேண்டாம், குளிக்கவும் வேண்டாம். எங்கிருந்தோ ஒரு காய்ந்த ரொட்டித் துண்டைக் கொண்டுவந்து என் தட்டில் போட்டுவிட்டு, பக்கத்தில் காவலுக்கு நின்றது. ஊறியதும் எடுத்துத் தின்றுவிட்டுப் போயே போய்விட்டது. தட்டில் மிச்சம் கஞ்சி. விரட்டலாம்தான், ஆனால் காகத்தைப் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் ஜான் மார்ஸ்லஃப் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் ஒரு முகமூடி போட்டுக்கொண்டு சில காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த முகமூடியை யார் போட்டுக்கொண்டு நடந்தாலும் காகங்கள் சூழ்ந்து கத்தின, பல வருடங்களுக்கு. பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன. முகமூடிக்கே அந்தப் பாடு, எனக்கு இருப்பது ஒரே முகம்.

அதனால் விரட்டுவதில்லை, கழுவுகிறேன். இதை இன்னொரு தடவை சொல்கிறேன், பாதியில் வானொலியைப் போட்டவர்கள் இருப்பீர்கள்: தட்டை தினமும் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், தினமும் கவிழ்த்தால் அந்தப் பேச்சே இல்லை.

சரி, தீனிக்கு வருகிறேன். கழுவுவதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணமும் அங்கேதான் இருக்கிறது. நான் தானியத் தட்டைக் கழுவாமல் பழைய தானியத்தின் மேலேயே புதுசைக் கொட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. மழையில் நனைந்து அடியில் பூஞ்சை பிடித்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. ஒருநாள் ஒரு புறா இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தானியத்தை அலகில் எடுக்கும், விழுங்க முடியாமல் கீழே போடும், மறுபடி எடுக்கும். அது கீழே போட்டதை மற்றவை தின்றன. மறுநாள் காலையில் செத்துக் கிடந்தது. தொண்டையில் வருகிற ஓர் ஒட்டுண்ணி நோய் இருக்கிறது, எச்சில் பட்ட தீனி, தண்ணீர் வழியாகப் பரவுவது. பிரிட்டனில் 2005 வாக்கில் இதே நோய் கிரீன்ஃபின்ச் என்கிற குருவிகளுக்குத் தொற்றி, அவற்றின் எண்ணிக்கையே சரிந்துவிட்டது. என் புறாவுக்கு வந்தது அதுதானா என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை, ஆனால் அந்தத் தட்டு என்னுடையது. நோயாளிப் பறவையைப் பார்த்தால் இரண்டு மூன்று வாரம் தீனியை அடியோடு நிறுத்திவிடுங்கள். கூட்டம் கலையட்டும். பட்டினியில் செத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், நம்மை நம்பியே அவை பிழைப்பதில்லை.

கொஞ்சமாக வையுங்கள், சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும் அளவுக்கு. உப்பு போட்டது எதையும் வைக்க வேண்டாம். அப்புறம் ஒரு விஷயம், சிட்டுக்குருவி தானியம் தின்கிற பறவைதான், ஆனால் குஞ்சுக்கு முதல் நாட்களில் ஊட்டுவது பூச்சியும் புழுவும். என் தானியத் தட்டைத் தாண்டி, அலகில் ஒரு பச்சைப் புழு நெளிய நெளியப் பறந்து போன தாய்க்குருவியைப் பார்த்த அன்றைக்குத்தான் செடிக்குப் பூச்சி மருந்து அடிப்பதை விட்டேன்.

அடுத்து, பார்ப்பது எப்படி என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், இப்போது நேரம் இருக்கிற மாதிரி தெரியவில்லை. ஒரே இடத்தில் 15 நிமிடம் அசையாமல் உட்காருங்கள், எழுதிக்கொள்ளுங்கள், போதும். 1998-இல் அமெரிக்காவில் தொடங்கி இப்போது உலகம் முழுக்கப் பிப்ரவரியில் நடக்கிற கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பிலும் குறைந்தபட்சம் அதே 15 நிமிடம்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வானொலி நிலையக்காரர் இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம். நல்லவேளை, நான் கடைசியாக வைத்திருந்ததும் கண்ணாடிதான். ஜன்னல் கண்ணாடியில் மரமும் வானமும் தெரிந்தால் பறவைக்கு அது மரம்தான், வானம்தான். அமெரிக்காவில் மட்டும் கட்டடங்களில் மோதி ஆண்டுக்கு 36 கோடியே 50 லட்சத்திலிருந்து 98 கோடியே 80 லட்சம் பறவைகள் வரை சாகலாம் என்று 2014-இல் ஒரு மதிப்பீடு வந்தது. கண்ணாடிக்கு ஒரு மீட்டருக்குள் தட்டை வையுங்கள், வேகம் எடுக்க இடம் இருக்காது. இல்லையென்றால் பத்து மீட்டர் தள்ளி வையுங்கள். நடுவாந்தரமாக வைப்பதுதான் ஆபத்து. கண்ணாடியில் புள்ளி ஒட்டுங்கள், ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டினால் பயனில்லை, ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாகக் கண்ணாடி முழுக்க. வெளிப்பக்கம் ஒட்ட வேண்டும். உள்பக்கம் ஒட்டினால் வெளிச்சம் பிரதிபலித்துப் புள்ளியையே மறைத்துவிடும். வெளிப்பக்கம். சரி, சரி, முடித்துவிட்டேன், வணக்கம்.