காருக்குள் இரண்டு கேமராக்கள்: கியரோஸ்தமியின் 'டென்' குறித்த உரை

நண்பர்களே, வணக்கம்.

ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமியின் 'டென்' படம் 2002இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டது. பார்த்தவர்களில் பலர் முதலில் சொல்வது, "படத்தில் ஒன்றுமே நடக்கவில்லையே!" என்பதுதான். டெஹ்ரான் தெருக்களில் ஒரு பெண் கார் ஓட்டுகிறாள்; பக்கத்து இருக்கையில் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. பத்து உரையாடல்கள், பத்து என்ற எண்ணில் தொடங்கி ஒன்று வரை இறங்கி முடிகின்றன. காரின் முன்பக்கத்தில் பொருத்திய இரண்டு டிஜிட்டல் கேமராக்களில் ஒன்று ஓட்டுபவளைப் பார்க்கிறது, இன்னொன்று பக்கத்தில் இருப்பவரை. ஏறத்தாழ முழுப் படமும் இந்த இரண்டு கோணங்களுக்குள்தான்.

இப்படிப்பட்ட படத்தில் என்ன நடக்கிறது என்பதைவிட, யாருடைய முகம் எப்போது காட்டப்படுகிறது என்று கவனியுங்கள். முதல் பகுதியில் பதினைந்து நிமிடத்துக்கும் மேலாக ஓட்டுபவளின் மகன் அமீனின் முகம் மட்டும்தான். தாய் வெறும் குரல். அவன் கத்துகிறான், காதைப் பொத்திக்கொள்கிறான், "கோர்ட்டில் அப்பாவைப் பற்றிப் பொய் சொன்னாய்" என்கிறான். அவன் இறங்கிப் போன பிறகுதான் அவள் முகத்தை நாம் பார்க்கிறோம். அதற்குள் அவளைப் பற்றி நம் மனத்தில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று பார்வையாளரை யோசிக்க வைக்கவே அந்தக் காத்திருப்பு.

"சுயநலக்காரத் தாய்" என்பது, விவாகரத்து பெற்ற அவளைப் பற்றி அடிக்கடி கேட்கும் இன்னொரு கருத்து. ஈரானில் விவாகரத்து உரிமை அடிப்படையில் கணவன் கையில் இருக்கிறது. கணவன் சம்மதிக்காதபோது மனைவி பிரிய விரும்பினால், பெரும்பாலும் அடி உதை, போதைப்பழக்கம் போன்ற காரணத்தை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். "சேர்ந்து வாழப் பிடிக்கவில்லை" என்ற சொல் அங்கே செல்லாது. கணவன் போதைக்கு அடிமை என்று அவள் சொன்ன பொய்க்கு அந்தச் சட்டமே வழி. மகனுக்கு அது புரியும் வயதில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா மீது விழுந்த பழி. இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால்தான் அந்தச் சண்டை அவ்வளவு வலிக்கிறது.

"இரண்டு கேமராவை மாட்டிவிட்டால் யாரும் எடுக்கலாமே" என்பவர்கள் இரவுப் பகுதியை மறுபடி பார்க்க வேண்டும். காரில் ஏறிய பாலியல் தொழிலாளி பேசுகிறாள், சிரிக்கிறாள், மனைவிமாரின் வாழ்க்கையும் ஒரு வியாபாரம்தான் என்கிறாள். அவள் காரில் இருக்கும் வரை, கேமரா கேள்வி கேட்கும் ஓட்டுபவளை விட்டு நகர்வதே இல்லை. அந்தத் தொழிலாளி இறங்கிய பிறகு, அவளுடைய முதுகு மட்டும் தெரிகிறது. முகத்தைக் காட்டியிருந்தால் நாம் அவளை வேடிக்கை பார்த்திருப்போம். காட்டாததால், கேட்டவளின் சங்கடத்தில் சிக்கிக்கொள்கிறோம். இந்தத் தேர்வுதான் இயக்குநரின் வேலை.

எண் இரண்டு என்ற பகுதியில், திருமணம் கைகூடாமல் போன இளம்பெண்ணின் முக்காடு பின்னால் சரிகிறது, தலை மழிக்கப்பட்டிருக்கிறது. திரையில் பெண்ணின் கூந்தல் தெரியக் கூடாது என்ற நாட்டில் இப்படி ஒரு காட்சி! ஓட்டுபவளின் கை அந்தப் பெண்ணின் சட்டகத்துக்குள் (ஃப்ரேம்) நீண்டு கண்ணீரைத் துடைக்கிறது. அதுவரை ஆளுக்கொரு சட்டகத்தில் அடைபட்டிருந்தவர்கள், இங்கே ஒரே சட்டகத்தில் தொட்டுக்கொள்கிறார்கள். படத்தின் உச்சம் எதுவென்றால் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்றையும் விட்டுவிட முடியாது. அமீனாக வருவது, ஓட்டுநராக வரும் மானியா அக்பரியின் சொந்தப் பிள்ளை. கியரோஸ்தமி 2016இல் மறைந்த பிறகு, படம் உருவான விதத்தைக் குறித்தும், அதில் தன் பங்கு மறைக்கப்பட்டதாகவும் அக்பரி வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். முதல் பதினைந்து நிமிடத்தில் நாம் வியக்கும் அந்தக் கோபம், ஒரு குழந்தையின் உண்மையான கோபமாக இருந்தால், அதைப் படமாக்க யார் சம்மதித்தார்கள்? பெண்களின் குரலுக்காகப் பாராட்டப்படும் படத்திடம் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.