வைஃபை இருக்கு, நெட் இல்லை

நேயர்களுக்கு வணக்கம். வீடு வீடாகப் போய் ரூட்டர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் பல வருடமாக என் வேலை. போனில் கூப்பிடுகிற எல்லாரும் முதலில் சொல்வது, "வைஃபை வரலைங்க" என்றுதான். நான் உடனே கேட்பேன், வைஃபை வரவில்லையா, நெட் வரவில்லையா? ரெண்டும் ஒன்றுதானே என்பார்கள். இல்லைங்க. வைஃபை உங்கள் போனுக்கும் ரூட்டருக்கும் நடுவில் உள்ள சங்கதி, வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். நெட் தெருக்கம்பத்திலிருந்து ஃபைபர் வழியாக வீட்டுக்குள் வருவது. பழுது எதில் என்று பார்க்காமல் கையை வைத்தால் நல்லா இருந்ததும் கெட்டுப்போகும்.

என் அக்கா வீடு பாளையங்கோட்டையில். கீழே அக்கா குடும்பம், மாடியில் அத்தானின் தம்பி குடும்பம், இரண்டு வீட்டுக்கும் ஒரே இணைப்பு, மாதக் காசு பாதிப் பாதி. ஒருநாள் அக்கா போனில் நெட் வரும், பையன் லேப்டாப்பில் வராது. மறுநாள் அப்படியே மாறும். மாடியில் படம் பார்த்தே எல்லாவற்றையும் இழுத்துவிடுகிறார்கள் என்று கீழே பேச்சு. கீழே வேண்டுமென்றே அணைத்து வைக்கிறார்கள் என்று மேலே சந்தேகம். ஒரு பெட்டிக்காக அண்ணன் தம்பி முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை, அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன்.

முதலில் விளக்குகளைப் பார்த்தேன். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கினால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று அர்த்தம்; லைன் அறுந்திருக்கும், அல்லது மஞ்சள் ஒயரை யாராவது அழுத்தி மடக்கியிருப்பார்கள், அது கண்ணாடி இழை, மடக்கினால் ஒளி கசிந்துவிடும். அப்படியென்றால் நாம் எதையும் நோண்ட வேண்டாம், ஆபரேட்டரைக் கூப்பிட வேண்டியதுதான். இங்கே அந்த விளக்கு அணைந்திருந்தது, ஆபரேட்டரோடு இணைப்பு இருப்பதைக் காட்டும் பான் விளக்கு நிதானமாகப் பச்சை. ஆக லைன் நன்றாக இருக்கிறது.

அப்புறம் போன்களை வாங்கி, வைஃபை செட்டிங்கில் ஐபி முகவரியைப் பார்த்தேன், ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் டோக்கன் மாதிரி கொடுக்கும் எண் அது. நெட் வருகிற போனில் 192.168.1.7. வராத லேப்டாப்பில் 192.168.0.103. ஒரே பெட்டி கொடுத்திருந்தால் கடைசி எண் மட்டும்தான் மாறும், இங்கே அதற்கு முந்தைய எண்ணும் மாறியிருந்தது. இதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே வீட்டில் டோக்கன் கொடுப்பவர் இரண்டு பேர்.

மாடிக்குச் சிக்னல் எட்டவில்லை என்று அத்தானின் தம்பி பழைய ரூட்டர் ஒன்றை எடுத்து, கீழிருந்து கேபிள் இழுத்து, அதன் லேன் போர்ட்டில், அதாவது வீட்டுக் கருவிகளைச் சொருகும் துளையில், சொருகியிருக்கிறார். அவர் நினைத்ததில் தப்பில்லை, சுவருக்கு மேல் சுவர் தாண்டி வைஃபை போவதைவிட கேபிள் இழுத்து இன்னொரு பெட்டி வைப்பதுதான் சரியான வழி. ஆனால் ரூட்டர் ஒவ்வொன்றும் வருகிற கருவிக்கெல்லாம் முகவரி கொடுக்கும், டிஹெச்சிபி என்பார்கள். கேபிள் ரெண்டையும் சேர்த்துவிட்டதால் கீழே இருக்கும் போனுக்கும் மாடிப் பெட்டி முந்திக்கொண்டு முகவரி கொடுத்துவிடும், கூடவே "நெட்டுக்கு என் வழியாகப் போ" என்றும் சொல்லிவிடும். அதற்கு ஏது நெட்? வைஃபை முழுப் புள்ளி காட்டும், ஆனால் ஒன்றும் திறக்காது. யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து தினம் ஒரு ஆளுக்கு நெட் வராமல் போகும்.

மாடிப் பெட்டியில் டிஹெச்சிபியை அணைத்தேன், கீழ்ப் பெட்டி யாருக்கும் கொடுக்காத எண்ணாகப் பார்த்து அதற்கு 192.168.1.2 வைத்தேன், எல்லாரும் வைஃபையை ஒருதரம் அணைத்துப் போட்டார்கள். பத்து நிமிஷ வேலை. மாடியிலிருந்து காபி வந்தது.

கீழ்ப் பெட்டியும் டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டி இருந்தது. இரும்பு சிக்னலைத் தடுத்துத் திருப்பிவிடும், அதனால் ஹாலில் ஆள் உயரத்தில் மாட்டினேன். மைக்ரோவேவ் அடுப்பு பக்கத்திலும் வேண்டாம், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசைப் பக்கம்தான். அடுப்பு ஓடும்போது நெட் திணறும். ரூட்டர் தானாக அணைந்து அணைந்து எரிந்தால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். மாற்றும்போது வோல்ட் பார்த்து வாங்குங்கள், 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டரும் சொருகும், பெட்டி போய்விடும்.

கடைசியாக ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். பின்பக்கம் சின்னத் துளைக்குள் ரீசெட் பட்டன் இருக்கும், ஊக்கு வைத்துக் குத்தாதீர்கள். பத்து விநாடி அழுத்தினால் எல்லாச் செட்டிங்கும் அழியும், பல இணைப்புகளில் ஆபரேட்டர் போட்டுக் கொடுத்த பயனர் பெயர், பாஸ்வேர்டு உட்பட. ஸ்விட்சை அணைத்து முப்பது விநாடி கழித்துப் போடுவது வேறு, இது வேறு. அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் ஆபரேட்டரிடம் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். அக்கா வீட்டில் ஒரு அட்டையில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன், மாடிப் பெட்டியின் எண்ணும் அதிலேயே இருக்கிறது. வணக்கம்.