பூட்டு தொங்குவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு காலத்தில் பேரும் புகழுமாக இருந்த ஓய்வு விடுதி மூடப்பட்டது என்று செய்தி வந்தால், கூடவே ஒரு படமும் வரும். தூசி படிந்த லாபி, வற்றிப்போன நீச்சல்குளம், பிய்ந்து தொங்கும் கூரைப் பலகை. மூடிப் போட்டதால் பாழாகிவிட்டது என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். உள்ளே வேலை பார்த்தவர்களைக் கேட்டால் கதையைத் தலைகீழாகச் சொல்வார்கள். பாழாக ஆரம்பித்துப் பத்து, பதினைந்து வருடம் கழித்துத்தான் கதவில் பூட்டு தொங்கும். அந்தப் பதினைந்து வருடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

வெளிக்காரணம் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில், நியூயார்க் நகரத்திலிருந்து காரில் போய்விடக்கூடிய தூரத்தில் கேட்ஸ்கில் மலைப்பகுதி இருக்கிறது. யூதக் குடும்பங்கள் கோடைதோறும் அங்கே போய்த் தங்குவார்கள். அங்கிருந்த விடுதிகளில் பெரிய பெயர் கிராஸிங்கர்ஸ். சாப்பாடு எல்லாம் வாடகையிலேயே அடங்கிவிடும். பாடகர் எடி ஃபிஷருக்கும் நடிகை டெபி ரெனால்ட்ஸுக்கும் 1955இல் திருமணம் நடந்தது அங்கேதான். குத்துச்சண்டை வீரர் ராக்கி மார்சியானோ பயிற்சி எடுத்ததும் அங்கேதான். பனிச்சறுக்குக்கு 1952இலேயே செயற்கைப் பனி தூவிய இடம் அது. அப்படிப்பட்ட கிராஸிங்கர்ஸ் 1986இல் மூடியது. பக்கத்தில் இருந்த இன்னொரு பெரிய விடுதி, கான்கார்ட், 1998இல் மூடியது.

யூதர்களுக்கு அறை தர மறுத்த விடுதிகள் அமெரிக்காவில் முன்பு நிறைய இருந்தன. அந்தக் கதவுகள் திறந்ததும், கேட்ஸ்கில்லுக்கே போயாக வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. விமானக் கட்டணம் இறங்கியது. இன்னொன்று, எனக்கு முக்கியமாகப் படுவது: நகரத்து வீடுகளுக்கு ஏசி வந்துவிட்டது. புழுக்கத்துக்குப் பயந்து மலைக்கு ஓடி வந்தவர்கள் வீட்டிலேயே ஜில்லென்று உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆனால் அதே நியூயார்க் மாநிலத்தில் மோஹாங்க் மவுண்டன் ஹவுஸ் என்று ஒரு மலை விடுதி 1869இலிருந்து இன்றுவரை நடக்கிறது, அதே குடும்பத்தின் கையில். அதே விமானம், அதே ஏசி அதற்கும்தானே வந்தது? ஆகவே, கூட்டம் குறைவது பாதிக் காரணம்தான். கூட்டம் குறைந்தபோது உள்ளே எதை வெட்டினார்கள் என்பதில் இருக்கிறது மீதி.

நூறு அறைகளில் எழுபது நிரம்பிய இடத்தில் இப்போது ஐம்பதுதான் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு அதற்கேற்பக் குறையாது. தாழ்வாரத்தில் விளக்கு எரிந்தாக வேண்டும், லிஃப்ட் ஓடியாக வேண்டும், கட்டடம் முழுவதையும் குளிர்விக்கிற சில்லர் எந்திரம் ஓடியாக வேண்டும். அந்தச் சில்லரோ முழு ஹோட்டலுக்குக் கணக்குப் போட்டு வாங்கியது. குறைந்த பளுவில் ஓடும்போது ஒவ்வொரு அறைக்கும் அது தின்கிற மின்சாரம் கூடத்தான் செய்யும். எங்கே கை வைக்கலாம் என்று பார்க்கும்போது, விருந்தினர் கண்ணில் படாத இடத்தில் முதலில் கை வைக்கிறார்கள். ஹோட்டல் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: விற்றுமுதலில் 4 சதவீதம்போல எடுத்து, தரைவிரிப்பு, மெத்தை, எந்திரம் இவற்றை மாற்றத் தனியே ஒதுக்குவார்கள். பழைய கட்டடத்துக்கு அது போதவே போதாது. நெருக்கடி வந்ததும் முதலில் காணாமல் போவதும் அந்த 4 சதவீதம்தான். ஒரு வருடம் ஒன்றும் தெரியாது. இரண்டு வருடமும் தெரியாது. அதனால்தான் அது ஆபத்து.

முதலில் தெரிவது கண்ணுக்கு அல்ல, மூக்குக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஹோட்டல் ஆட்களே தப்பாகப் புரிந்துகொள்கிற விஷயம் இது.

கதவைத் திறந்து அறைக்குள் நுழைகிறீர்கள். ஒரு மக்கிய வாடை. ஏசியைக் கூட்டி வையுங்கள், சரியாகிவிடும் என்பார் அறையைக் காட்ட வந்தவர். வாசனைத் திரவம் அடிப்பார். இரண்டும் உதவாது. கூட்டி வைப்பது பல நேரம் கெடுதல்.

வாடை வரும் வழி இரண்டு. ஒன்று குளியலறை. கழுவு தொட்டிக்கு அடியில் குழாய் வளைந்து போகும், பார்த்திருப்பீர்கள். தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்கு அடியிலும் அப்படி ஒன்று இருக்கும். பிளம்பர்கள் டிராப் என்பார்கள். அந்த வளைவில் சில விரற்கடை தண்ணீர் எப்போதும் நிற்கும். சாக்கடைக் காற்றுக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருக்கிற கதவு அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான். அறையில் ஆள் தங்கினால் அது தானாக நிரம்பிக்கொண்டே இருக்கும். சில வாரம் யாரும் தங்காவிட்டால் வற்றிவிடும். வற்றினால் சாக்கடை வாடை மேலே வரும், கரப்பான்பூச்சியும் வரும். ஐம்பது அறை காலியாகக் கிடக்கிற ஹோட்டலில் ஐம்பது கதவு திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். மருந்து எளிது: வாரம் ஒருமுறை ஒவ்வொரு காலி அறையிலும் எல்லாக் குழாயையும் சில நிமிடம் திறந்துவிட வேண்டும், ஃப்ளஷ் அடிக்க வேண்டும். 20 முதல் 45 டிகிரி வரையான தண்ணீர் குழாயில் தேங்கினால் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் நோய்க் கிருமி பெருகும் என்பதால், இது வெறும் வாடைப் பிரச்சினையும் இல்லை. ஆனால் இதைச் செய்ய ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் போன வருடம் குறைத்துவிட்டார்கள்.

இரண்டாவது வழி சுவர். வெளியே 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்றால், அந்தக் காற்று 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் வியர்க்கும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்க்குமே, அதேதான். இப்போது அறையைப் பாருங்கள். ஏசி 20 டிகிரியில் ஓடுகிறது. சுவரில் வினைல் காகிதம் ஒட்டியிருக்கிறது. துடைக்க வசதி, பார்க்க அழகு. வினைல் ஈரத்தை விடாது. வெளிக்காற்று சுவர் வழியே உள்ளே வந்து, குளிர்ந்த வினைலின் முதுகில் பட்டு வியர்க்கிறது. அங்கே காகிதம், பசை, ஈரம் மூன்றும் இருக்கின்றன. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? முன்பக்கத்தில் ரோஜா நிறத்தில் ஒரு திட்டு தெரியும். ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தால் பின்னால் கரேலென்று இருக்கும்.

சரி, வெளிக்காற்று ஏன் சுவர் வழியே வருகிறது? நன்றாக நடக்கிற ஹோட்டலில் குளியலறை விசிறிகள் இழுத்து வெளியே தள்ளுகிற அளவுக்கு, கொஞ்சம் கூடுதலாகவே, ஈரம் நீக்கிய புதுக் காற்றை ஒரு எந்திரம் உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும். மின்கட்டணம் கூடியதும் அந்த எந்திரத்தை நிறுத்திவிடுகிறார்கள். விசிறி மட்டும் இழுக்கிறது. கட்டடமே உறிஞ்சுகுழல் மாதிரி ஆகி, சுவிட்சுப் பெட்டி, ஜன்னல் இடுக்கு, சுவர் விரிசல் என்று கிடைத்த வழியிலெல்லாம் ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. அப்போது ஏசியை இன்னும் கூட்டினால் சுவர் இன்னும் குளிரும், இன்னும் வியர்க்கும். மறுபடி சொல்கிறேன்: அந்த வாடைக்கு மருந்து குளிர் அல்ல, உலர்ந்த காற்று.

வாடை வந்த அறையை விருந்தினர் மாற்றித் தரச் சொல்வார். அந்த அறை பழுது என்று பட்டியலில் ஏறும். அதற்கப்புறம் நடப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். இன்னொரு அறையில் குழாய் போனால் பழுது அறையிலிருந்து கழற்றி மாட்டுவார்கள். ரிமோட், பல்பு, ஏசி மோட்டார், கதவுப் பூட்டு எல்லாம் போகும். ஆறு மாதத்தில் அந்த அறை மீட்க முடியாத கூடாகிவிடும். பிறகு பக்கத்து அறை. பிறகு ஒரு தளம் முழுவதும்.

துணிகளும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கட்டிலுக்குக் குறைந்தது மூன்று செட் விரிப்பு வேண்டும்: கட்டிலில் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று. செலவைக் குறைக்க இரண்டாக்கினால், விரிப்பு டிரையரிலிருந்து சூடாக நேரே கட்டிலுக்குப் போகும். ஓய்வில்லாத பருத்தி சீக்கிரம் நைந்துவிடும். சலவை தாமதமானால் அறை தயாராகாது. இரண்டு மணிக்கு வந்தவர் நான்கு மணிவரை லாபியில் உட்கார்ந்திருப்பார்.

இனி கட்டடம். கடலோர ஹோட்டலின் பால்கனிக்கு அடியில் பழுப்பாக ஒரு கோடும், கோட்டோடு ஒரு விரிசலும் தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பிக்குப் போர்வை மாதிரி. கடல் உப்பு ஊறி உள்ளே போனால் அந்தப் போர்வை கிழிந்துவிடும். துரு, இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். காரை வெடித்துப் பெயரும். பெயர்ந்த இடத்தில் மட்டும் சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பது எல்லோரும் செய்கிற தப்பு. ஒட்டுப் போட்ட இடத்துக் கம்பி பிழைக்கும். ஒட்டின் ஓரத்தில், உப்பு ஊறிய பழைய கான்கிரீட்டில் இருக்கிற கம்பி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். இரண்டு வருடத்தில் ஒட்டைச் சுற்றி வளையம்போல மறுபடி வெடிக்கும். உப்பு ஏறிய பகுதி முழுவதையும், கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்துத்தான் கட்ட வேண்டும்.

மூடிய பிறகு ஒரு ஹோட்டல் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். மொசாம்பிக் நாட்டில் பெய்ரா என்ற துறைமுக நகரம். போர்த்துகீசியர் ஆட்சியில், 1950களின் நடுவில், அங்கே கிராண்டே ஹோட்டலைத் திறந்தார்கள். பெயருக்கேற்ற பிரம்மாண்டம். எதிர்பார்த்த பணக்காரக் கூட்டம் வரவில்லை. 1963இல் ஹோட்டலாக நடத்துவதை நிறுத்திவிட்டார்கள். உள்நாட்டுப் போரில் வீடிழந்தவர்கள் வந்து தங்கினார்கள். இன்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ இல்லாமல் அதில் வாழ்கிறார்கள். மரத்தரை அடுப்பெரிக்கப் போயிற்று. நீச்சல்குளத்தில் துணி துவைக்கிறார்கள். அங்கே குழந்தைகள் பிறந்து வளர்ந்திருக்கிறார்கள். அதை வெறும் இடிபாடாகப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் மனசு ஒப்பவில்லை. அது ஒரு குடியிருப்பு. கூரை ஒழுகினால் நனைகிற குடும்பங்கள் அங்கே இருக்கின்றன.

நேரம் முடியப் போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் எப்படி மூடுவது என்று தனியாகவே பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மின் இணைப்பை முழுவதும் துண்டிக்காதீர்கள், ஈரம் நீக்கும் எந்திரத்துக்காவது விட்டு வையுங்கள். மொட்டைமாடி வடிகால் வாயை மழைக்கு முன் சுத்தம் செய்யுங்கள். ஒரு இலை அடைத்தால் போதும், தேங்கும் தண்ணீர் கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். நீச்சல்குளத்தை வற்ற விடாதீர்கள். 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் அதில் 375 டன் தண்ணீர். அந்தப் பாரம்தான் குளத்தைத் தரையில் அழுத்தி வைத்திருக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் காலியாக்கினால், அந்த நீர் அடியிலிருந்து தள்ளி, குளத்தையே தூக்கி உடைத்துவிடலாம்.

கடைசியாக, குளியலறை டிராப். தண்ணீர் நிரப்பி, அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றிவிடுங்கள். எண்ணெய் மேலே படலமாக மிதக்கும், கீழே இருக்கிற தண்ணீர் மாதக்கணக்கில் வற்றாது. ஒவ்வொரு அறையிலும், ஒவ்வொரு ஜாலியிலும். வணக்கம்.