சுத்தியல், நேசமணி, ட்ரெண்டிங்

வணக்கம் நேயர்களே. சோஷியல் மீடியாவில் புழங்குகிற சொற்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். அகராதி மாதிரி ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பொருள் சொன்னால் நீங்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவீர்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். அதனால் ஒரே ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொள்கிறேன். பெயிண்டிங் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்த சம்பவம்.

சுத்தியல் விழுந்தது 2001-இல், ஃப்ரெண்ட்ஸ் படத்தில். வடிவேலுதான் நேசமணி, ரமேஷ் கண்ணா கைதவறிப் போட்ட சுத்தியல் நேராக அவர் மண்டையில். ஆனால் அது உலகச் செய்தியானது 2019 மே மாதக் கடைசியில். சிவில் இன்ஜினியரிங் சம்பந்தமான ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படம் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். நம்ம ஆள் ஒருவர் போய், இதன் பெயர் சுத்தியல், அடித்தால் டங் டங் என்று சத்தம் வரும், ஜமீன் பங்களாவில் காண்ட்ராக்டர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது என்று சிரிக்காமல் எழுதிவைத்தார். இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு விசாரிப்பு. அவ்வளவுதான், ஊரே பிரார்த்தனையில் இறங்கிவிட்டது. மே 30 அன்று டெல்லியில் பிரதமர் மோடி இரண்டாவது முறையாகப் பதவியேற்றார், அதே நாளில் 'ப்ரே ஃபார் நேசமணி' ட்விட்டரில் உலக அளவில் ட்ரெண்டிங்கில் இருந்தது. விஷயம் புரியாத வெளியூர்க்காரர்கள் யார் இந்த நேசமணி, பிழைப்பாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஒரு கூத்துக்குள்ளேயே நமக்கு வேண்டிய சொற்கள் பாதி இருக்கின்றன. இப்படி எந்தச் சொல்லைக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: இதைச் செய்தது ஆளா, மெஷினா?

சுத்தியல் படம், போஸ்ட். கீழே எழுதியது கமெண்ட். வலைப்பதிவுக் காலத்தில் நாங்கள் அதைப் பின்னூட்டம் என்போம். சிலர் மறுமொழி என்பார்கள், எது சரி என்று தனியாக ஒரு சண்டை நடக்கும், அதை விடுங்கள். மீம் பழைய சொல். 1976-இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற உயிரியல் அறிஞர் உருவாக்கினார். மரபணு நகலெடுத்துப் பரவுவது போல ஒரு மெட்டோ, பழக்கமோ, எண்ணமோ ஆளுக்கு ஆள் தொற்றிப் பரவுவதை அவர் அப்படிச் சொன்னார். இன்றைக்கு மீம் என்றால் நமக்கு வடிவேலு முகம், மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. இதுவரைக்கும் எல்லாமே ஆள் செய்த வேலை.

அடுத்தது ஹேஷ்டேக். இதையும் ஆள்தான் செய்தார், கம்பெனி செய்யவில்லை. 2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெசினா என்பவர், ஒரே விஷயத்தைப் பேசுகிறவர்களைச் சேர்க்க சொல்லுக்கு முன்னால் ஹேஷ் குறி போட்டால் என்ன என்று ட்விட்டரில் கேட்டார். அவர் ட்விட்டரில் வேலை பார்த்தவர் இல்லை. கம்பெனிக்காரர்களிடம் போய்ச் சொன்னபோது, இதெல்லாம் கம்ப்யூட்டர் பைத்தியங்களுக்குத்தான் சரிப்படும் என்று தள்ளிவிட்டார்கள். அந்த அக்டோபரில் அமெரிக்காவில் சான் டியாகோ பக்கம் பெரிய காட்டுத்தீ, எங்கே எரிகிறது, யார் வெளியேற வேண்டும் என்ற தகவலை ஒரே குறியின் கீழ் மக்கள் எழுத ஆரம்பித்தார்கள், அப்போதுதான் இது எதற்கு ஆகும் என்று தெரிந்தது. கம்பெனி அதைத் தட்டினால் திறக்கிற மாதிரி செய்தது 2009-இல். நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சாப்பாடு, படகு, மருந்து, தங்க இடம் எல்லாமே சென்னை மழை ஹேஷ்டேக்குகளில்தான் தேடப்பட்டது.

ஒரு சின்ன உபயோகக் குறிப்பு. ஹேஷ்டேக்கில் இடைவெளி விட்டால் அது அங்கேயே முடிந்துவிடும், நேசமணிக்கு ப்ரே, ஃபார், நேசமணி என்று நடுவில் அடிக்கோடு போட்டது அதனால்தான். வீட்டு விசேஷத்துக்கு 'நம்ம வீட்டுக் கல்யாணம்' என்று இடைவெளி விட்டு டேக் போட்டால் 'நம்ம' மட்டும்தான் டேக் ஆகும்.

சரி, ட்ரெண்டிங். இங்கேதான் மெஷின் உள்ளே வருகிறது, பலர் தப்பாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். அதிகம் பேர் பேசுவது ட்ரெண்டிங் என்று நினைக்கிறோம். அப்படியானால் குட் மார்னிங்தான் வருஷம் முழுக்க முதலிடத்தில் இருக்க வேண்டும். மெஷின் பார்ப்பது மொத்தக் கணக்கைவிட திடீர் ஏற்றத்தை. ஒரு மணி நேரம் முன்பு யாருமே பேசாத ஒன்றை இப்போது ஆயிரக்கணக்கில் பேசினால் அது மேலே வரும், வாரக்கணக்கில் லட்சம் பேர் நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிற ஒன்று வராது. இதை முதலில் கரைத்துக் குடித்தவர்கள் நம்ம ஊர் ரசிகர் மன்றத்துப் பையன்கள். தலைவர் பிறந்தநாளுக்கு டேக் சரியாக மாலை 6 மணிக்கு என்று அறிவிப்பார்கள், அதற்கு முன்னால் யாரும் அந்த டேக்கைத் தொடக்கூடாது என்று கட்டளை வேறு. முன்கூட்டியே சிலர் சிந்திவிட்டால் ஏற்றத்தின் செங்குத்து குறைந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். புள்ளியியல் வகுப்பில் தூங்கிய பையன்தான் இதைச் செய்கிறான், அதை நினைத்தால் எனக்கு ஒரு பெருமை. கட்சிகளின் ஐ.டி. விங் செய்வதும் இதே வேலைதான், ஆனால் அங்கே வாசகத்தையும் தயார் செய்து கொடுத்துவிடுவார்கள், ஒரே எழுத்துப்பிழையோடு நூறு பேர் அதை ஒட்டுவார்கள். அதனால் ட்ரெண்டிங் என்று டி.வி.யில் சொன்னால், நாடே பேசுகிறது என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறு மணிக்கு யாரோ மணி அடித்திருக்கலாம்.

ரீட்வீட், அதாவது ட்விட்டரில் அடுத்தவர் எழுதியதை அப்படியே பகிர்வது, அதற்கும் ஹேஷ்டேக்கின் கதைதான். முதலில் மக்கள் கையாலேயே ஆர்.டி. என்று எழுதி, அடுத்தவர் பெயரைப் போட்டு, வாசகத்தை ஒட்டிப் பகிர்ந்தார்கள். அப்போதெல்லாம் ஒரு ட்வீட்டுக்கு 140 எழுத்துதான், எஸ்.எம்.எஸ்.ஸின் 160-இல் பெயருக்கு 20 போக மீதி. தமிழுக்கு அதிலும் இடி, ஏனென்றால் கம்ப்யூட்டர் புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும், 'தமிழ்' என்ற மூன்றெழுத்து அதற்கு ஐந்து. அதற்குள் ஆர்.டி.யும் போட்டு, சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்க வேண்டுமானால் கொஞ்சம் யோசித்தாக வேண்டும். 2009 நவம்பரில் பட்டன் வந்தது, யோசனை போயிற்று. அந்தப் பட்டனைச் செய்த குழுவை நடத்திய கிறிஸ் வெதரெல் பத்து வருஷம் கழித்து 2019-இல் ஒரு பேட்டியில், நாலு வயதுக் குழந்தை கையில் குண்டு போட்ட துப்பாக்கியைக் கொடுத்துவிட்டோமோ என்று தோன்றியதாகச் சொன்னார்.

இதே வெதரெல் அதற்கு முன்னால் செய்த இன்னொன்று கூகுள் ரீடர், 2005-இல் வந்தது. ஞாபகம் இருக்கிறவர்கள் இப்போது பெருமூச்சு விட்டிருப்பார்கள். நீங்கள் விரும்பும் வலைப்பதிவுகளைச் சேர்த்துவைத்தால் புதிதாக யார் எழுதினாலும் வந்து வரிசையில் நிற்கும், நேர வரிசைப்படி, ஒன்று விடாமல். அதற்குப் பின்னால் ஓடியது ஆர்.எஸ்.எஸ். என்கிற ஓடை, அரசியல் சமாச்சாரம் இல்லை. தமிழில் இந்த வேலையைத் திரட்டிகள் செய்தன, காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் அதில் பேர்போனது. அங்கே எல்லாம் யோக்கியமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். பின்னூட்டம் விழுந்த இடுகை முகப்பில் மேலே வரும் என்று தெரிந்ததும், சிலர் வேறு வேறு பெயரில் தங்களுக்குத் தாங்களே பின்னூட்டம் போட்டுக்கொண்டார்கள், அதற்குப் பின்னூட்டக் கயமை என்று பெயரே இருந்தது. ஆனால் கயமை செய்தவர் ஓர் ஆள், இன்னார் என்று ஊகித்துக் கிண்டல் செய்ய முடிந்தது. கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். 2016-இல் ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் நேர வரிசையை விட்டு, உங்களுக்கு எது பிடிக்கும் என்று தாங்களே கணித்து அடுக்க ஆரம்பித்தன. ஃபீட், அல்காரிதம் என்று இன்று எல்லாரும் சொல்வது இந்த அடுக்கலைத்தான்.

அது எதை வைத்து அடுக்குகிறது? எங்கேஜ்மெண்ட். லைக், கமெண்ட், ஷேர், நின்று பார்த்த நேரம், எல்லாம் சேர்ந்தது. திட்டி எழுதிய கமெண்டும் கமெண்ட்தான். ஃபேஸ்புக்கில் 2016-இல் சிரிப்பு, கோபம் எல்லாம் பட்டனாக வந்தன, 2017-இல் அவை ஒவ்வொன்றுக்கும் சாதா லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்தார்கள், கோபத்துக்கும் சேர்த்துத்தான். கோபத்தின் மதிப்பை பூஜ்யமாக்கியது 2020-இல். அந்தக் கணக்கு தொடங்கிய புதிதில் நீங்கள் ஒரு வம்புப் பதிவைப் பார்த்துச் சிவந்த முகம் போட்டிருந்தால், அந்த வம்புக்காரருக்கு ஐந்து லைக் போட்ட கணக்கு.

ரீச், இம்ப்ரெஷன், வியூஸ், இவை விளம்பரக்காரர்களின் சொற்கள், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆள் ஒரு பதிவை மூன்று தடவை பார்த்தால் ரீச் ஒன்று, இம்ப்ரெஷன் மூன்று. வியூஸ் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஃபேஸ்புக் மூன்று விநாடி ஓடினாலே பார்த்ததாக எண்ணியது, யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் கடைசியிலிருந்து ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ. பத்து லட்சம் வியூஸ் என்று மச்சான் சொன்னால் எந்த இடத்தில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் வாட்ஸ்அப். நேயர்களில் ரொம்பப் பேர் ட்விட்டர் பக்கமே போயிருக்க மாட்டீர்கள், குடும்ப குரூப்பில் கட்டாயம் இருப்பீர்கள். அங்கே அடுக்குகிற மெஷின் இல்லை, பரப்புவது முழுக்க நம்ம சித்தப்பாவும் அத்தையும்தான். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பி, குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டியை ஒரு கும்பல் அடித்தே கொன்றது. நாட்டில் பல இடங்களில் இப்படி நடந்த பிறகுதான், அந்த ஜூலையில் ஃபார்வர்டட் என்ற அடையாளம் வந்தது, இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்குமேல் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாடும் வந்தது. ஓர் அம்பு இருந்தால் யாரோ எழுதியதை இவர் தள்ளிவிட்டிருக்கிறார். இரட்டை அம்பு இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது, 2020 ஏப்ரலிலிருந்து அதை ஒரு சமயத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். உண்மையா பொய்யா என்று அம்பு சொல்லாது, எத்தனை கை என்று மட்டும்தான். அதையும் ஒருவர் காப்பி செய்து, புதிதாக ஒட்டி அனுப்பினால் அம்பு காணாமல் போய்விடும், பார்ப்பவருக்கு அத்தை தானே உட்கார்ந்து எழுதிய மாதிரி இருக்கும்.

நன்றி, வணக்கம்.